உச்சக்கடை இறக்கமும் பிடிக்காத பிரேக்கும்

வியாழக்கிழமை, காலை 5.40. பாளையங்கோட்டையில் வீட்டை விட்டு இறங்கும்போதே எனக்குக் கோபம். கோபத்தோடு பயணம் கிளம்பக் கூடாது என்று வழக்கமாகச் சொல்கிற என் மனைவி, அன்றைக்கு அதைக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். முந்தின நாள் முழுக்க நான் வீட்டில் ஒருவரையும் திட்டாமல் விட்டு வைக்கவில்லை. தோள்பையில் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், வயர் அமுக்கும் பிளையர், கையடக்கத் திசைகாட்டி, புத்தம் புதிய பிரேக் கண்ட்ரோலர் ஒன்று. மாற்றுச் சட்டை எடுக்கவில்லை. போய், சசி என்கிற அந்த எலக்ட்ரீசியனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டு, வயரைச் சரி செய்து, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

பிரேக் கண்ட்ரோலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிக்கப் வண்டியின் பின்னால் பெரிய டிரெய்லரை மாட்டிப் பாரம் இழுத்தால், வண்டியின் பிரேக் மட்டும் போதாது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அதனால் டிரெய்லர் சக்கரங்களுக்குள்ளும் பிரேக் வைத்து, அதை மின்சாரத்தால் இயக்குவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே சோப்புப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் அது டிரெய்லருக்குக் கரண்ட் அனுப்பும். சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் இழுத்து, பிரேக் கட்டையை, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு அழுத்தும். அவ்வளவுதான். டிரெய்லர் கட்டி, பிரேக் வைத்து, இந்தப் பெட்டியையும் சேர்த்து விற்பது என் தொழில். பெரும்பாலும் குதிரை வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும்தான் கேட்பார்கள். கடற்புறத்தில் வள்ளம் என்கிற மீன்பிடிப் படகை ஏற்றுவதற்கென்று நான் விற்றது இரண்டே டிரெய்லர். ஒன்று பொழியூர் கிளீட்டஸுக்கு, மற்றது கோட்டுகால் லாசருக்கு.

இரண்டுக்கும் பெட்டியை மாட்டி வயர் இழுத்தது உதியன்குளங்கரையில் கடை வைத்திருக்கும் சசி. நான் போனில் சொல்லச் சொல்ல அவர் செய்தார். நான் நேரில் போகவில்லை.

திங்கட்கிழமை கிளீட்டஸ், ஓட்டை அடைக்கக் கொடுத்திருந்த தன் வள்ளத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு உச்சக்கடையிலிருந்து கடற்புறத்துக்கு இறங்கியிருக்கிறார். வளைவில் எதிரே வரும் வண்டியை நிறுத்துவதற்காக அவருடைய மச்சினன் ராபின் இறங்கி நின்றிருக்கிறான். டிரெய்லர் பிடிக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளி, பிக்கப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, ராபினின் காலை மதிலோடு வைத்து நசுக்கிவிட்டது. கால் இரண்டு இடத்தில் ஒடிந்து, நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வயரிங் செய்த சசிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இனிமேல் கடற்புறத்து வேலை ஒன்றுகூட அவர் கடைக்கு வராது என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வள்ளத்து விளக்கு, இன்ஜின் வயரிங், ஜி.பி.எஸ். என்று சசியின் பிழைப்பில் முக்கால்வாசி கடற்புறத்து வேலைதான்.

இதையெல்லாம் சசி புதன்கிழமை போனில் சொன்னபோது நான் ஊரோடு சேர்ந்துகொண்டேன். "நீர்தான்யா காரணம். எர்த்தை ஒழுங்கா இழுத்திருக்க மாட்டீரு," என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பவன் தப்புச் செய்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 8.30. நாகர்கோவில் வடசேரி. வழியெல்லாம் காற்றாலை சுற்றுகிறது, ஆரல்வாய்மொழியில் மலை மேல் மேகம் இறங்கி நிற்கிறது. அழகுதான். ரசிக்கிற மனசு இல்லை. களியக்காவிளை பஸ்ஸில் முப்பத்தைந்து ரூபாய் டிக்கெட். தக்கலை தாண்டியதும் ரப்பர் தோட்டமும் வாழையும் மாறி மாறி வருகின்றன. மார்த்தாண்டத்தில் பாலத்தின் மேல் போகாமல் கீழே நுழைந்து, முப்பத்தெட்டு நிமிஷம் நகரவில்லை. என் பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த பெரியவர், நான் உச்சுக்கொட்டுவதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்து திரும்பினார்.

"எதுக்காக்கும் இந்த வெப்ராளம்? ஒங்களுக்கு மட்டுமா ரோடு அடஞ்சு கெடக்கு?"

"ஒருத்தனைப் போய் நாலு வாங்கு வாங்கணும்," என்றேன்.

"அதுக்கு நேரம் காலம் உண்டா? சாயங்காலம் போனாலும் அவன் அங்கதான் நிப்பான்," என்று பழத்தை அணைத்துக்கொண்டு தூங்கப் போனார்.

காலை 10.20. களியக்காவிளை. மதுரையில் இருந்து வருகிறவர்கள் இங்கே எல்லை என்றால் ஏதோ கோடு போட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கக் கடையில் டீ பன்னிரண்டு ரூபாய், அந்தப் பக்கக் கடையிலும் பன்னிரண்டு. போர்டில் எழுத்து மட்டும் மாறுகிறது. பேசுகிற ஆள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார், தான் மாறியதே அவருக்குத் தெரியாது. கேரள பஸ்ஸில் ஏறி, இஞ்சிவிளை, பாறசாலை கடந்து, ஆறாவது கிலோமீட்டரில் உதியன்குளங்கரையில் இறங்கினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். கண்டக்டர் சில்லறைக்காக என்னை முறைத்தார், நானும் முறைத்தேன்.

காலை 10.55. சசியின் கடை ஜங்ஷனில் இருந்து கிழக்கே போகும் ரோட்டில், டயர்க் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, பரீட்சைக்குப் போகிறவரைப் போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடையில் வேலை எதுவும் நடக்கவில்லை. சுவரோரம் கழற்றிய டைனமோக்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயர் சாக்பீஸால் எழுதியிருந்தது.

"சாரே, சாய குடிக்கியளா?"

"சாயா இருக்கட்டும். எர்த் எங்கே எடுத்தீரு?"

அவர் முகம் சுருங்கியது. "வந்து பாத்திட்டு பறயுங்க சாரே. பாக்காம கோவப்படாண்டாம்."

நான் விடவில்லை. எங்கள் தொழிலில் நூற்றுக்குத் தொண்ணூறு கோளாறு எர்த்தில்தான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில்தான். டிரெய்லரைக் கோக்கும் இரும்புக் குண்டு வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று சோம்பேறித்தனமாக விட்டுவிடுவார்கள். அது துருப்பிடித்ததும் கரண்ட் போகாது, பிரேக் பிடிக்காது. இதைத்தான் அவர் செய்திருப்பார் என்று கடை வாசலில் நின்று, கோழிக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். இன்னும் பார்க்கவே இல்லாத வயரைப் பற்றி அத்தனை விவரமாக எனக்குப் பேச முடிந்தது இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சசி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "நான் ஒங்கள ரெண்டு வட்டம் விளிச்சேன். பிரேக்கு கொறஞ்சு வருதுண்ணு பறஞ்சேன். ஒரு வட்டம் வந்து பாருங்கண்ணு பறஞ்சேன். ஓர்மை உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாபகம் இருந்தது. கண்ட்ரோலரில் ஒன்று முதல் பத்து வரை எண் உண்டு, டிரெய்லர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று வைப்பதற்கு. ஆரம்பத்தில் ஐந்தில் வைத்திருந்தோம். முதல் தடவை சசி கூப்பிட்டபோது, "ஏழுல வையும்," என்றேன். இரண்டாம் தடவை, "பத்துல வையும்யா, இதுக்கெல்லாம் என்னை ஏன் கூப்பிடுறீரு?" என்றேன். அவர் என்னைத் தொந்தரவு செய்கிறார் என்று அப்போது பட்டது. இப்போதும் அப்படியே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

பகல் 11.30. உதியன்குளங்கரையில் இருந்து பொழியூருக்கு, சசியின் மீட்டர்ப்படி பன்னிரண்டு கிலோமீட்டர். பிளாமூட்டுக்கடை வரை ஏற்றமும் இறக்கமுமாக, செம்மண் வெட்டிய மேடுகளுக்கு நடுவே ரோடு நெளிந்து போகிறது. பெரிய வீடுகள், மதில்கள், மதிலுக்கு வெளியே தலைநீட்டும், மரச்சீனி என்று இங்கே சொல்கிற மரவள்ளி. உச்சக்கடையை அடுத்த இறக்கத்தில் சசி வண்டியை நிறுத்தினார். வளைவில் மதிலின் ஒரு மூலை உடைந்து, கற்கள் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தன. ஒரு கல்லில் வள்ளத்தின் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. மதில் ஓரத்தில் ஒற்றை ரப்பர் செருப்பு. யாரும் அதை எடுக்கவில்லை.

சசி ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. "நான் திங்கக்கெழமையே வந்து பாத்தேன்," என்றார்.

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இத்தனைக்கும் காரணம் ஒரு வயர்தானே என்று இருந்தது.

பகல் 12.10. பொழியூர். கேரளத்தின் தெற்கு மூலை. இதற்கு அப்பால் ரோடு போனால் மறுபடியும் நம்மூர். கடலைப் பார்க்கப் போனால் முதலில் தெரிவது கல்தான். லாரியில் கொண்டு வந்து கொட்டிய கருங்கல், ஆள் உயரத்துக்கு. அதற்கு இப்பால் பாதிச் சுவரோடு நிற்கும் வீடுகள், கடலைப் பார்த்து வாயைப் பிளந்த அடுக்களைகள். முன்பு வள்ளத்தை மணலிலேயே இழுத்து வைப்பார்களாம். இப்போது மணல் இல்லை. கடல் ஏறும் நாட்களில் வள்ளத்தை டிரெய்லரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டு போனால்தான் அது மிஞ்சும். அதனால்தான் கிளீட்டஸ், மற்றவர்கள் வள்ளத்தையும் இழுக்கலாம் என்று நம்பி இந்த டிரெய்லரை வாங்கினார்.

இதை அறிந்த பிறகாவது நான் பணிவாக இருந்திருக்கலாம். எனக்கோ வாடைதான் தாங்க முடியவில்லை. தெருவெல்லாம் மீன், வலை, உப்பு. கிளீட்டஸ் வீட்டு முன்னால் தென்னை மரத்தடியில் பிக்கப்பும் டிரெய்லரும் நின்றன. அங்கே வாடை இன்னும் மோசம். டிரெய்லர் சக்கரத்தடியில் இரண்டு பூனைகள் படுத்திருந்தன. ஒன்று டயரை நக்கிக்கொண்டிருந்தது. "சூ" என்று காலால் விரட்டினேன். நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

கிளீட்டஸ் நல்ல ஆகிருதி. கை நிறைய வலைக் கயிற்றின் தழும்பு. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அவர் மனைவி ஸ்டெல்லா கும்பிடவில்லை. ராபின் அவளுடைய தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகக் கஞ்சித் தூக்கை நிரப்பிக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நாலு மணிக்கு ஆளு கூடும். அதுக்கு முன்ன பாத்துப் பறயுங்க. இவரு செய்ததுதாண்ணா இவரே பறயட்டு," என்று சசியைக் கண்ணால் காட்டினாள். சசி மரத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

பகல் 12.30 முதல் 2.15 வரை. இந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் எர்த். குப்புறப் படுத்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தேன். குண்டு வழியாக இல்லை. பேட்டரியில் இருந்து தனி வயர், சன்னமாகக்கூட இல்லை, நான் சொன்னதைவிட ஒரு சுற்றுப் பெரிய வயர். இணைப்பு ஒவ்வொன்றிலும் ஈயம் வைத்து, மேலே ரப்பர் குழாய் சுருக்கி, உப்புக் காற்று புகாமல் மூடியிருந்தது. வயர் உராயும் இடங்களில் எல்லாம் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தார். என் சொந்தப் பட்டறையில் என் கையால் செய்தால்கூட இத்தனை நன்றாக வராது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ம்," என்றேன்.

அடுத்து பிளக். ஏழு முனையும் பளபளவென்று இருந்தன. சசியைக் கூப்பிட்டு பிக்கப்பை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க வைக்கும் கண்ட்ரோலரின் கைநெம்பை அழுத்தச் சொன்னேன். பிளக்கில் பன்னிரண்டு வோல்ட். சக்கரத்துப் பக்கம் அளந்தேன், கிட்டத்தட்ட அதே பன்னிரண்டு. கரண்ட் அளந்தேன், இரண்டு காந்தத்துக்கும் சேர்த்து ஆறு ஆம்பியர், இருக்க வேண்டியது அதுவேதான். கண்ட்ரோலர் கெட்டிருக்கும் என்று புதியதை மாட்டிப் பார்த்தேன். அதே வோல்ட், அதே ஆம்பியர்.

தப்புக் கண்டுபிடிக்க வந்தவனுக்குத் தப்புக் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்! வெயில் வேறு. ஊரார் ஒவ்வொருவராக வந்து மதிலோரம் நிற்கத் தொடங்கினார்கள். திசைகாட்டியை எடுத்துச் சக்கரத்தின் அருகே பிடித்தேன். சசி நெம்பை அழுத்தினார். முள் சடக்கென்று திரும்பியது. உள்ளே காந்தம் உயிரோடுதான் இருக்கிறது. சசி நெம்பை விட்டார், முள் திரும்ப வந்தது. இடது சக்கரம், வலது சக்கரம், இரண்டிலும் அப்படியே.

"ஜாக்கி வைங்க," என்றேன். சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கினோம். "அமுக்கும்யா!" என்று கத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பூட்டுப் போட்டது மாதிரி நிற்க வேண்டும். அது சாவகாசமாக, வழுவழுவென்று, நான் தள்ளிய பக்கம் எல்லாம் சுற்றியது.

"அமுக்குறீரா இல்லையா?"

"அமுக்கிப் பிடிச்சிட்டுண்டு சாரே," என்றார் சசி உள்ளே இருந்து.

பகல் 2.20. பூனை திரும்பி வந்துவிட்டது. என்னைச் சட்டை செய்யாமல், தூக்கி நின்ற சக்கரத்தின் உட்பக்கத்துக்குப் போய் மறுபடி நக்கத் தொடங்கியது. விரட்டக் காலைத் தூக்கினேன். தூக்கிய காலை அப்படியே வைத்தேன். டயரைப் போய் எந்தப் பூனை நக்கும்?

டிரம்மின் பின்தட்டில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் பிரேக் கட்டையைத் தள்ளி வைத்துச் சரி செய்வதற்காக. அதை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். மூடியை நெம்பினேன். கெட்டியாக, மஞ்சளாக, என் மணிக்கட்டு வரை வழிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. மீன் நெய். சாளை மீனை உருக்கி எடுக்கிற நெய். கடற்புறத்தில் வள்ளத்துக்குப் பூசுவது.

பிரேக் கட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே பிரேக் பாழ். இங்கே பிரேக் கட்டை நெய்யில் ஊறிக் கிடந்தது. காந்தம் இழுக்கிறது, கட்டை அழுத்துகிறது, அழுத்திய கட்டை வழுக்கிக்கொண்டு போகிறது. நான் கண்ட்ரோலரை ஏழுக்கும் பத்துக்கும் ஏற்றச் சொல்லி ஏமாந்ததெல்லாம் இதில்தான். கரண்டைக் கூட்டினால் நெய் போய்விடுமா?

நெய் வழியும் கையை நீட்டி, "எந்த மடையன்யா இதுக்குள்ள எண்ணெய் ஊத்தினது? மூளை இருக்கா? ஒரு ஆளையே முடமாக்கியாச்சே!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினேன்.

கிளீட்டஸ் முன்னால் வந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நானாக்கும் சாரே. சனிக்கெழம தோறும் நான்தான் விடுதது. மறுநாளு கடலுக்குப் போவமாட்டோம்லா, அதினால சனிக்கெழம அந்திக்கு வள்ளத்துக்கு நெய்யி தேய்ப்போம். அப்பம் இதுக்கும் விடுவேன். நீங்க பறஞ்சதுதானே?"

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"வண்டி வந்த அன்னைக்கு விளிச்சு கேட்டேனே சாரே. உப்பு வெள்ளத்தில எறங்குமே, துரு பிடிக்காம என்ன செய்யியதுண்ணு. கல்யாண வீட்டில சாப்பிட இருந்திட்டுண்டுண்ணு பறஞ்சிய. 'ஒரு எடம் விடாம எண்ணெய் போடுங்க'ண்ணு பறஞ்சிய. என்ன எண்ணெயிண்ணு கேட்டேன். 'உங்க ஊர்ல எது உண்டோ அது'ண்ணு பறஞ்சு போன வச்சிய. எங்க ஊருல இதுதான் உண்டு."

இலை ஞாபகம் வந்தது. சாம்பார் முடிந்து ரசம் வந்துகொண்டிருந்த நேரம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். அச்சுக்கும் கோக்கும் குண்டுக்கும் போடச் சொல்வதாக என் மனதில் இருந்தது. வாயில் வந்தது ஒரு இடம் விடாமல். கடலில் இறங்கி ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், சக்கரத்துக்குள் எதையும் விடாதீர்கள் என்று சொல்ல முக்கால் நிமிஷம் ஆகியிருக்கும். அந்த முக்கால் நிமிஷத்தை ரசத்துக்குக் கொடுத்தேன். வள்ளத்தைக் காப்பாற்றும் மனுஷன் சொன்னதைச் சொன்னபடி, அதுவும் ஒரு இடம் விடாமல், மூடியைத் திறந்து உள்ளே வரைக்கும், வாரா வாரம் செய்திருக்கிறார். இதை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. பல் தேய்த்தேன் என்று யாராவது சொல்வார்களா? இதை அவர் செய்யச் செய்ய, வாரா வாரம் பிரேக் குறைய, சசி என்னைக் கூப்பிட, நான் கண்ட்ரோலரைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாலு மணி ஆகும்வரை காத்திருக்கவில்லை. நின்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். அப்போதும் கத்தித்தான் சொன்னேன், எனக்கு வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. "சசி இழுத்த வயரில ஒரு நூல் பிசகு கிடையாது. எண்ணெய் போடச் சொன்னவன் நான். ரெண்டு தடவை அவர் கூப்பிட்டும் வராதவன் நான். காலையில அவர் கடை வாசலில் நின்னு அவரைத் திட்டினவனும் நான்."

கிளீட்டஸ் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு தென்னையடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் செய்தது தப்பில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

ஸ்டெல்லா கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். "இஞ்ச கெடந்து தொண்ட கீற வேண்டாம். எனக்க தம்பிக்க கட்டிலுக்குக் கிட்ட வந்து இத பறயணும். ஒங்க வாயால."

"வாறேன்," என்றேன். அந்த ஊர்ப் பேச்சு மாதிரியே வந்தது.

பிறகு அவள் மரத்தைச் சுற்றிப் போய், மறுபடி அங்கே ஒதுங்கியிருந்த சசியின் முன்னால் நின்றாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "வள்ளத்துக்க வெளக்கு ஒண்ணு எரியல்ல. நாளைக்கு வருவியளா?" என்றாள். சசி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வருவேன் என்று தலையாட்டினார்.

மாலை 3.40. சக்கரங்களைக் கழற்றி வைத்தோம், யாரும் அவசரத்தில் டிரெய்லரை இழுத்துவிடக் கூடாது என்று. ஊறிய கட்டைகள் இனி உதவாது. புதிய கட்டைகளோடு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டுவதாகவும், அன்றைக்கே ராபினின் கட்டிலுக்கு வருவதாகவும் சொன்னேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையை விட்டு நெய் வாடை போகவில்லை. பொழியூர் ஜங்ஷனில் டீக்கடையில் நின்றோம். இங்கிருந்து ஒரு ரோடு பாறசாலைக்கு, என் வீட்டுக்குப் போகும் வழி. இன்னொன்று பூவாறு வழியாகக் கோட்டுகாலுக்கு. சசி டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"சாரே, லாசரு ஒங்களுக்கு விளிச்சாரா? எண்ணெய்க்கு?"

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு முழுக்க நான் பட்ட கோபத்தில் எதுவும் இந்த ஞாபகமின்மை அளவுக்கு என்னைச் சுடவில்லை. போனை எடுத்து லாசரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சாரே! நலமா இருக்கியளா? வண்டி கொள்ளாம், நல்ல வண்டி, கேட்டியளா. நாளைக்கு விடியமுன்ன, வெளுப்பான் காலத்தில ரெண்டு வள்ளம் ஏத்தணும்."

"லாசர், சக்கரத்துக்குள்ள எண்ணெய் ஏதாவது விடுறீங்களா?"

"பின்ன விடாம? நீங்க பறஞ்சதாட்டு கிளீட்டஸு பறஞ்சான். அவன் சனிக்கெழம மட்டும்தான் விடுதான். நான் புதனும் சனியும் விடுவேன் சாரே. ஒரு பொட்டு துரு கெடையாது, வந்து பாருங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினார். மறுமுனையில் அவர் என் பாராட்டுக்காகக் காத்திருப்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. அசைக்கக்கூடாது. எதுக்குன்னா, அந்த எண்ணெய்..." என்று ஆரம்பித்தேன். சசி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"லாசரண்ணா, நாங்க ரெண்டுபேரும் இப்பம் வாறோம். வண்டிக்க சாவிய எடுத்து வீட்டுக்குள்ள வையுங்க. பாக்கி நேரில பறயாம்," என்று சொல்லி வைத்துவிட்டார். போனை என்னிடம் நீட்டினார்.

"போனில ஒண்ணும் பறயாண்டாம் சாரே. ஏறுங்க."

பாறசாலை ரோட்டில் என் ஊர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்று போயிற்று. நான் சசியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். சசி பூவாறு பக்கம் ஸ்கூட்டரைத் திருப்பினார்.